அளவுக்காரியும் ஏழு அங்குலமும்

என் சித்திக்கு மூன்று பெண்கள். மூத்தவள் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். நடுப்பெண் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வாள். கடைக்குட்டி தலையையே ஆட்டமாட்டாள். அவள் கதைதான் இது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் சொந்தத்தில் எல்லோருக்கும் அவள் அளவுக்காரி. ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். தெருவில் நின்றபடி ஒரு வீட்டை அண்ணாந்து பார்த்து, "மாடி ஜன்னல் நாலடி ரெண்டங்குலம், கீழ் ஜன்னல் அதைவிட அரை அங்குலம் கம்மி, கொத்தனார் அவசரத்துல இருந்திருக்கான்" என்பாள். உள்ளே போய் டேப் பிடித்தால் அப்படியே இருக்கும். துணி தொங்குவதில் கால் அங்குலம் ஏறி இறங்கினாலும் அவளுக்குப் பல் கூசும். ஒரு கல்யாண வீட்டில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பந்தல்காரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மகனுக்குப் பதினாலு, மகளுக்குப் பத்து. எங்கள் பெரியப்பா வந்து, "ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டோட வந்துடும்மா" என்றார். "உங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை வேணும்னா சொல்லுங்க பெரியப்பா, வந்து தைச்சுக் கொடுத்துட்டுப் போறேன்" என்றாள். பெரியப்பா செத்துப்போகும் வரை அதைச் சொல்லிச் சொல்லிக் கோபித்துக்கொண்டார். அவர் மூத்த மருமகள் மட்டும் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நல்லவேளை, வராம இருந்தாங்களே."

கார் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் புது வீடு கட்டினார்கள். முப்பத்தொரு ஜன்னல். முழு வீட்டுக்கும் திரை தைத்து மாட்டினாள். கூலிக்குப் பதிலாக, கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த காரைக் கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, அது எனக்கே கிழவி மாதிரி" என்றார். "பரவால்ல டாக்டர், எனக்கு இளையவளா இருப்பா" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், "பிரேக்கை மட்டும் நல்லா பழகிக்குங்கம்மா, மத்ததெல்லாம் தானா வரும்" என்றாராம். "பிரேக்கு எனக்குப் பழக்கம்தாங்க. இத்தனை வருஷமா எல்லாரும் எனக்குப் போட்டுக்கிட்டேதானே இருக்காங்க. நீங்க மத்ததைச் சொல்லிக்கொடுங்க" என்றாளாம். இதை அவள் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அந்தக் கார் சின்னது. பின்சக்கரம் தள்ளி ஓடும் பழைய காலத்து வண்டி. பின் இருக்கையை எடுத்துவிட்டால் துணிச் சுருள், கம்பிகள், கையால் சுற்றும் தையல் மிஷின் எல்லாம் அதற்குள் போய்விடும். என்னையும் அந்தச் சுருள்களுக்கு நடுவே செருகிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறாள். இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டிதான் அவளுக்குக் கை கால். அது இல்லையென்றால் அவள் வேலை வாசலோடு நின்றுவிடும். ஜன்னல்கள் அவளைத் தேடி வீட்டுக்கு வருமா?

போன வருஷம் டயர் நான்கும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. அந்த அளவு டயர் இப்போது வருவதில்லை என்று இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளே வந்தார். அவள் மகளைக் கட்டியவர். வாடகைக்கு வேன் விடுகிறவர். நல்ல மனுஷன். கொஞ்சம் சத்தமாக நல்ல மனுஷன். "அத்தை, நீங்க எதுக்குக் கடை கடையா அலையறீங்க? நான் இல்லையா?" என்று காரை ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய், தன் வேனுக்கு வைத்திருந்த நாலு புது டயரை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். "ரிங்கும் பதிமூணு, டயரும் பதிமூணு. அச்சா உட்கார்ந்துடுச்சு பாருங்க."

கார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. தெருவே பார்த்தது. மகள் பூரித்துப்போய், "அம்மா, உன் வண்டி இப்போ ஜீப்பு மாதிரி இருக்கு" என்றாள். மருமகன் செய்தது. யார் வாயைத் திறப்பார்கள்? அளவுக்காரிகூட, "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றுதான் சொன்னாள். நானும் சொன்னேன்.

அந்த வாரமே கோளாறு ஆரம்பித்தது.

அவள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மேடு உண்டு. பெரிய மேடு இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இரண்டாவது கியரில் பாடிக்கொண்டே ஏறிய மேடு. இப்போது பாதியில் மூச்சு வாங்கியது. முதல் கியருக்கு மாற்றினால் கிளட்ச் கருகும் வாடை. ஸ்பேனர்காரர் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக் கிளட்ச் தட்டை மாற்றினார். இரண்டே மாதத்தில் புதுத் தட்டும் கருகி, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்பேனர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, இஞ்சினுக்கு வயசாயிடுச்சு. இதுக்கு மேல அதைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்றார்.

இன்னொரு விநோதம். துணி மில்லுக்குப் போகிற தூரம் மீட்டரில் எப்போதும் நாற்பது காட்டும். இப்போது முப்பத்தாறு சொச்சம் காட்டியது. "ஏன்க்கா, தண்ணில நனைச்சா துணி சுருங்கும். போன மழைக்கு ரோடும் சுருங்கிடுச்சா?" என்று என்னிடம் கேட்டாள். நான் புது வளைவு ஏதாவது வெட்டி நேராக்கியிருப்பார்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்தாற்போல் கடிதம் வந்தது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து. அறுபதுக்கு மேல் போகக்கூடாத ரோட்டில் அறுபத்தாறில் போயிருக்கிறாள், கேமரா பிடித்திருக்கிறது என்று. அபராதத்தைக் கட்டினாள். "முள்ளு அறுபதைத் தாண்டல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு வாரம் கழித்து இரண்டாவது கடிதம். அதே ரோடு, அதே அறுபத்தாறு. அதோடு ஒரு படிவமும் வந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு முறை பிடிபட்டால் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இல்லையென்றால், 'வயது காரணமாக என் லைசென்ஸை நானே ஒப்படைக்கிறேன்' என்று அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். இருபது நாள் கெடு.

மகன் வந்தான். பெரிய ஆபீசில் நாலு பேரை வேலை வாங்குகிறவன். மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள், நான் சொன்னால் கேட்பாள் என்று. அவள் வெட்டும் மேஜைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றோம். மேஜை மேல் ஒரு ஆஸ்பத்திரிக்கான பச்சைத் துணி பரப்பியிருந்தது. மகன் படிவத்தை அதன் மேல் வைத்தான். பெயர், விலாசம் எல்லாம் அவனே நிரப்பியிருந்தான். கையெழுத்து மட்டும் பாக்கி.

"அம்மா, கோவப்படாம கேளு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. அதான் முள்ளு சரியா தெரியல."

"யாருடா சொன்னது? உன் சட்டைல மூணாவது பொத்தான் வேற நூல்ல தைச்சிருக்கு. உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுதா?"

அவன் குனிந்து பார்த்தான். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அத்தை, நான் வேன் அனுப்பறேன். எங்க போகணும்னாலும் ஒரு போன் பண்ணுங்க" என்றார் மாப்பிள்ளை.

"உங்க வேன் காலியா இருக்கற நேரம் பார்த்து நான் ஜன்னலுக்கு அளவெடுக்கப் போகணுமா மாப்பிள்ளை?"

"வண்டியும் போச்சும்மா. இழுக்கவே மாட்டேங்குது" என்றான் மகன்.

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "இருடா. நான் ரொம்ப வேகமா போறேன்னு ஒரு காகிதம் சொல்லுது. வண்டி இழுக்கவே மாட்டேங்குதுன்னு நீ சொல்றே. ரெண்டும் ஒரே வண்டிடா. வேகமும் போகுது, இழுக்கவும் மாட்டேங்குது. இது எப்படி?"

மகன், "வயசானா அப்படித்தாம்மா" என்றான். அவள் படிவத்தை எடுத்து மிஷினுக்கு அடியில் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை. "துணிமேல காகிதம் வைக்காதே, மை ஒட்டும்" என்றாள். அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது. சொல்லப்போனால், எனக்கும் அவள் கண்மேல் ஒரு சந்தேகம் வந்திருந்தது. அதை இங்கே மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

மூன்று நாள் கழித்து, அந்த ஆஸ்பத்திரித் திரையை மாட்டிவிட்டு நானும் அவளும் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பின்பக்க இடது டயர் ஆணி ஏறி உட்கார்ந்துவிட்டது. அவளே ஜாக்கி வைத்துக் கழற்றி, டிக்கியில் இருந்த ஸ்டெப்னியை மாட்டினாள். மாப்பிள்ளை நாலு டயர்தான் மாற்றியிருந்தார். ஸ்டெப்னியை யாரும் தொடவில்லை. அது பல் டாக்டர் வீட்டிலிருந்து வண்டியோடு வந்தது. அதிகம் ஓடாதது.

ஜாக்கியை இறக்கினாள். கையைத் தட்டிக்கொண்டே பத்தடி பின்னால் வந்து வண்டியைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, இங்க வா. அடி விளிம்பு ஏறி இறங்கியிருக்கு."

"என்ன விளிம்பு?"

"காருக்குதான். பின்னாடி இருக்கற பம்பர் கம்பியைப் பாரு. இடது பக்கம் ஒரு அங்குலம் இறங்கியிருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கார் காராகத்தான் இருந்தது. அவள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு ரோட்டோரத்தில் குந்தினாள். இந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்த்தாள். பையிலிருந்து துணியில் கோடு போடும் சுண்ணாம்பை எடுத்தாள். மாப்பிள்ளை போட்ட டயரில் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, நேர் கீழே தரையில் ஒரு கோடு. என்னை உள்ளே உட்காரவைத்து, கியரை நடுவில் விட்டு, பின்னாலிருந்து அவளே வண்டியைத் தள்ளினாள். கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தாள். எழுபத்தேழு அங்குலம். அப்புறம் ஸ்டெப்னிப் பக்கம் அதே போல. எழுபது அங்குலம். மயிரிழை குறைவு.

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் ஏதோ விபத்து என்று வண்டியை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டு போனான்.

"எழுபதுக்கு ஏழு கூட. பத்துல ஒண்ணுக்கா! மீட்டருக்குக் கண்ணா இருக்கு? அது சக்கரம் எத்தனை தடவை சுத்துதுன்னு மட்டும்தான் எண்ணும். ஒரு சுத்துக்கு எழுபது அங்குலம்னு யாரோ அதுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கான். அது பாவம், இன்னும் அதையே நம்பிக்கிட்டு இருக்கு. முள்ளு அறுபதுன்னா நான் போறது அறுபத்தாறு. நாற்பது கிலோமீட்டர் போனா அது முப்பத்தாறுன்னுதான் சொல்லும். ரோடு சுருங்கலக்கா, சக்கரம் பெருத்துடுச்சு!"

"அப்போ மேட்டுல ஏன் ஏற மாட்டேங்குது?"

"குட்டையான ஒரு ஆளைப் பிடிச்சு, நெட்டையானவன் வைக்கற எட்டு வைச்சு மேடு ஏறுடான்னா ஏறுவானா? இஞ்சின் அதே இஞ்சின். ஒரு சுத்துக்கு ஏழு அங்குலம் கூட நடக்கணும்னா அதுக்கு முட்டி விட்டுப்போகாதா? அந்தப் பளுவெல்லாம் கிளட்சு தலையில விழுந்து அது கருகுது. இதுக்கு என் வயசு என்ன பண்ணும்?"

திரும்பும் வழியில் பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருபதுக்கு மேல் போகாமல் நேராக ஸ்பேனர்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு சக்கரம் சின்னது, ஒண்ணு பெருசு. அச்சு நடுவுல இருக்கற பல்சக்கரம் ரெண்டையும் சமாதானம் பண்ணியே சாகுது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பொடியாயிருக்கும்" என்றார்.

"இதைச் சொல்லத் தெரிஞ்ச உனக்கு, நாலும் பெருசுன்னு சொல்லத் தெரியலையா? ரெண்டு கிளட்சு மாத்தினியேப்பா."

ஸ்பேனர்காரர் தலையைச் சொறிந்தார். "மாப்பிள்ளை போட்டதுன்னு சொன்னீங்கக்கா. நான் எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?"

இதுதான் எங்கள் ஆட்களின் கோளாறு. டயரை விட்டுவிட்டு இஞ்சினைக் குறை சொன்னோம், கிளட்சைக் குறை சொன்னோம், அவள் கண்ணைக் குறை சொன்னோம். மருமகன் மாட்டிய டயரைத் திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

அவளுக்கு இருந்தது. பஞ்சர் ஒட்டி அந்த டயரையே திரும்ப மாட்டவைத்து, ஸ்டெப்னியை டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். என் எதிரேதான். "மாப்பிள்ளை, உங்க டயர் நல்ல டயர். என் வண்டிக்கு ஆகாது. கழட்டிக் கொடுத்துடறேன்." அந்தப் பக்கம் சத்தம் பெரிதாகக் கேட்டது. அப்புறம் மகள் போனை வாங்கினாள்.

"அவர் ஆசையா போட்டுக் கொடுத்தாரு. அவர் முகத்துல அடிச்ச மாதிரி இப்படிச் சொல்லணுமா? உனக்கு வயசாச்சுன்னு ஒத்துக்க மனசு இல்ல, அதுக்கு டயர் மேல பழி."

"அவர் மனசு நோகக் கூடாதுன்னு நான் கிழவின்னு கையெழுத்துப் போடணும், அப்படித்தானேடி?"

மகள் போனை வைத்துவிட்டாள். அளவுக்காரிக்குக் கண் கலங்கியதா என்றால், கலங்கியது. ஆனால் எழுந்து போய் மிஷினுக்கு அடியிலிருந்த படிவத்தை எடுத்தாள். தூசி தட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். "வாக்கா, நாளைக்கு நேர்லயே போய்ச் சொல்லிட்டு வருவோம்."

அலுவலக வாசலில் காவலாளி தடுத்தார். தடுக்காமல் என்ன செய்வார்? அறுபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை, கஞ்சி போட்ட புடவையில், ஒரு கையால் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வருகிறாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நான். மகனும் வந்திருந்தான். எங்களைத் தெரியாதவன் மாதிரி பத்தடி தள்ளி வந்தான்.

"அம்மா, டயரெல்லாம் உள்ள கொண்டு போகக்கூடாது."

"எங்க எழுதியிருக்கு? நாய் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. சிகரெட் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. டயரைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

அவர் பலகையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு டயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டயரைப் பார்த்தார். அவள் அவர் அறையின் தரையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு ஸ்டெப்னியை ஒரு சுற்று உருட்டி டேப்பைப் பிடித்துக் காட்டினாள். "இது எழுபது. வெளிய வண்டில இருக்கறது எழுபத்தேழு. வாங்க, காட்டறேன்." அவர் வரவில்லை. ஆனால் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"அம்மா, சொல்றது புரியுது. ஆனா உங்க மீட்டர் தப்பா காட்டினா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு. ரோட்டுல போனது அறுபத்தாறுதானே?"

"ஆமா. போனேன். அதுக்குத்தான் அபராதம் கட்டிட்டேன். அதைத் திருப்பிக் கொடுங்கன்னா கேட்டேன்?"

"பின்ன என்ன வேணும்?"

அவள் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து விரலால் தொட்டாள். "வயது காரணமாகன்னு இருக்கே, அது பொய். பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு கடிதத்தையும் பாருங்க. ரெண்டு தடவையும் அறுபத்தாறு. கண்ணு தெரியாதவ ஓட்டினா ஒரு தடவை எழுபது, ஒரு தடவை ஐம்பத்தஞ்சுன்னு ஆடாதா? ஆறு வார இடைவெளில ரெண்டு தடவையும் முள்ளை அறுபதுல தைச்சு வைச்ச மாதிரி நிறுத்தியிருக்கேன் சார். இந்த ஆபீசுல எத்தனை பேரால முடியும்?"

அதிகாரி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகன் மெதுவாக அருகில் வந்து அவனும் பார்த்தான்.

"வயசுங்கற வார்த்தையை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார் கடைசியில். "ஒப்படைக்கலன்னா பரிசோதனை உண்டு. கண்ணு, ஓட்டறது, வண்டி, மூணும். ஒண்ணுல தவறினாலும் லைசென்ஸ் போயிடும். அப்புறம் திரும்ப வாங்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"எப்போ வரணும்?"

"அம்மா, கொஞ்சம் யோசி" என்றான் மகன்.

"நீ யோசிச்சுக்கிட்டு இரு. சார், எப்போ?"

பன்னிரண்டு நாள் கொடுத்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் எட்டு நாள் டயர்க் கடைகளில் போயிற்று. எந்தக் கடைக்குப் போனாலும் பழைய டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்ப்பார்கள், "இது இப்போ வர்றதில்லையே" என்பார்கள். அவள் ஏழாவது கடையில் எண்ணைக் காட்டுவதையே நிறுத்திவிட்டாள். அடுக்கி வைத்திருந்த டயர்களில் நடுவில் பதிமூன்று ரிங் உள்ளதையெல்லாம் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் இடுப்பையும் டேப்பால் சுற்றினாள்.

கடைக்காரர் எரிச்சலாகி, "டயருக்கு என்னம்மா ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க? எண்ணைச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்றார்.

"எண்ணு உங்களுக்கு. எனக்குச் சுத்தளவு போதும். நீங்க இறக்குங்க."

எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, எழுபத்துமூன்று. பதினோராவதாக ஒரு டயர். மற்றதைவிட அகலம் கூட, ஆனால் பக்கச் சுவர் குட்டை. பார்த்தால் தடியாகத் தெரிந்தது. டேப்பைச் சுற்றினாள். எழுபது. மயிரிழை குறைவு. டேப்பை அப்படியே என் பக்கம் நீட்டினாள். எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்கத் தெரியும். எண் தெரியும்.

கடைக்காரர் அந்த டயரின் எண்ணையும் பழைய எண்ணையும் ஒரு காகிதத்தில் போட்டுக் கணக்குப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அட, சரியாத்தான் வருது" என்றார், ஏதோ அவர் கண்டுபிடித்த மாதிரி. இருந்த நாலையும் மாட்டச் சொன்னாள். சக்கரத்தை முழுசாக வளைத்து எங்கேயும் உரசவில்லை என்று பார்த்தாள். வீட்டுக்கு வருகிற மேட்டில் இரண்டாவது கியரில் கார் குதித்துக்கொண்டு ஏறியது. "கேளுக்கா, கேளு" என்றாள். நான் கேட்டேன். இஞ்சின் எங்கேயும் திக்கவில்லை.

பரிசோதனை நாளன்று மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் வந்தார். பரிசோதிக்கிறவர் வேறொருவர், சட்டைப்பையில் நாலு பேனா குத்தியவர். கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரை மடமடவென்று படித்துவிட்டு, "கீழ ஓரத்துல பொடி எழுத்துல அச்சாபீஸ் விலாசம் இருக்கே, அதையும் படிக்கட்டுமா? என் வீட்டுக்காரர் அச்சுத் தொழிலாளி, எனக்கு அது பழக்கம்" என்றாள். "வேணாம்மா" என்றார் அவர்.

அப்புறம் காரை இரண்டு இரும்பு உருளைகள்மேல் பின்சக்கரம் நிற்கும்படி ஏற்றி நிறுத்தச் சொன்னார்கள். கார் நின்ற இடத்திலேயே சக்கரம் ஓடும். சுவரில் உள்ள பலகையில் உண்மையான வேகம் தெரியும். "முள்ளை அறுபதுல நிறுத்துங்க" என்றார். அவள் நிறுத்தினாள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபதிலேயே நின்றது. பரிசோதிக்கிறவர் நிறுத்தச் சொல்லும் வரை நின்றது. என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "ரிங் பதிமூணுதான், நான் தப்பா போடல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். நான், "ஆமா மாப்பிள்ளை, ரிங் சரிதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

கடைசியாகச் சரிவில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை.

பரிசோதிக்கிறவர் காருக்குள் உட்கார்ந்தபடியே காகிதத்தை நிரப்பினார். கண் சரி, வண்டி சரி, ஓட்டுவது சரி. முத்திரை குத்தி அவளிடம் நீட்டினார். நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கதவருகே நின்றோம். மகன், "முடிஞ்சுதும்மா, நீ நகரு, நான் ஓட்டறேன். களைச்சுப் போயிருப்பே" என்றான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. கிட்டத்தில் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"சார், இந்தக் கட்டம் காலியா இருக்கே. என்ன இது?"

"ஓட்டுநரின் குறைபாடுன்னு போட்டிருக்கும்மா. குறை இருந்தாத்தான் எழுதுவோம். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, அதான் விட்டுட்டேன்."

"காலியா விடாதீங்க. காலியா விட்டா நாளைக்கு யாராவது வயசுன்னு எழுதுவாங்க. இல்லைன்னு எழுதுங்க."

"அப்படி எழுதற வழக்கம் இல்லம்மா."

"முத்திரை குத்தற கைக்கு மூணு எழுத்துக் கூட எழுத வலிக்குமா? பேனா நாலு வைச்சிருக்கீங்களே. எழுதுங்க சார். நான் இறங்க மாட்டேன், நீங்களும் இறங்க முடியாது. உங்க பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்."

அது உண்மை. அந்தக் கதவு அப்படித்தான். வெளியே நின்ற எங்களில் யாரும் அதைத் திறக்கக் கையை நீட்டவில்லை. மகன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டான். மகள் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் ஒரு பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. இன்னொன்றை எடுத்தார். 'இல்லை' என்று எழுதினார். பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார்.